வேலை இழந்த பின் எழுதுவது: பயணமும் சுயாதீன ஊடகவியலும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், அச்சுத்தாள் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய பத்திரிகைகள் தமது சனிக்கிழமைப் பதிப்புகளை நிறுத்தின. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவாக உயர்ந்தது. விளம்பரம் குறைந்தது, பக்கங்கள் குறைந்தன, பிறகு ஆட்கள் குறைக்கப்பட்டார்கள்.

அந்த வருடம் வேலையிழந்தவர்களில் நானும் ஒருத்தி. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்துவிட்டு, ஓர் ஊடக நிறுவனத்தின் செய்தி அறையில் ஆறு வருடங்கள் வேலை செய்தேன். ஒரு நாள் எங்களில் நான்கு பேரை அழைத்து, நிறுவனத்தின் நிலைமையைச் சொல்லி, ஒரு பக்கக் கடிதத்தைத் தந்தார்கள். அதன் பிறகு நான் எந்த நிறுவனத்திலும் முழுநேரமாகச் சேரவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பஸ்ஸில் பயணம் செய்து எழுதுகிறேன். இது எப்படிச் சாத்தியமாகிறது, எங்கே இடிக்கிறது, எதற்காக இதைச் செய்ய வேண்டும் என்று கேட்கும் இளையவர்கள் பலர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கையெழுத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

வேலையிழப்பு என்பது முதலில் ஒரு சட்ட விடயம். மனம் கலங்கி நிற்கும் நேரத்தில்தான் கடிதங்கள் நீட்டப்படுகின்றன என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலையாட்களின் சேவை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒரு தனியார் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணங்களுக்காக ஒருவரை நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியைப் பெற வேண்டும். முந்திய 12 மாதங்களில் 180 நாட்கள் வேலை செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அதனால்தான் பல நிறுவனங்கள் ‘நானாக விலகுகிறேன்’ என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்கின்றன. அதில் கையெழுத்திட்டால் அது உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும். எனவே வாசிக்காமல், யாரிடமும் கேட்காமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்திட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இரண்டாவது, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடங்கள் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் கொடுக்கப்பட வேண்டும். நீங்களாக விலகினாலும் இது கிடைக்க வேண்டிய பணம்தான். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தரும் 3 வீதமும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருட வேலைக்கு எனக்குக் கிடைத்த பணிக்கொடை மூன்று மாதச் சம்பளம். அதுதான் என் முதற்பணம்.

ஆனால், வடக்கு கிழக்கில் செய்தி சேகரிக்கும் பெரும்பாலானோருக்கு இந்தச் சட்டங்கள் எட்டுவதில்லை. பிரதேச நிருபர்கள் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. வெளிவரும் செய்திக்கு, படத்துக்கு, காணொளிக்கு என்று எண்ணித்தான் பணம் கிடைக்கும். நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி இல்லை. அவர்களை யாரும் வேலையிலிருந்து நிறுத்துவதில்லை. அனுப்பும் செய்தி வெளிவராமல் போகும், தொலைபேசி எடுக்கப்படாது. வேலை போய்விட்டது என்பது சில மாதங்கள் கழித்துத்தான் அவர்களுக்கே விளங்கும். ஒரு பொருளாதார நெருக்கடியில் எத்தனை ஊடகவியலாளர்கள் வேலையிழந்தார்கள் என்று கணக்கெடுத்தால், இவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

எங்களுக்குப் பயணம் என்றால் என்ன?

வேலை போன பின் பயணம் செய்து தன்னைக் கண்டுபிடித்தேன் என்று எழுதும் கட்டுரைகளை நானும் வாசித்திருக்கிறேன். அவை பெரும்பாலும் கடவுச்சீட்டும் சேமிப்பும் உள்ளவர்களின் கதைகள். எங்கள் தலைமுறைக்குப் பயணம் என்ற சொல்லோடு வேறு விடயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் நின்றபோது எனக்கு ஏழு வயது. என் முதல் நீண்ட பயணம் அது. அடுத்த வருடம் கிளாலியில் படகேறி வன்னிக்குப் போனோம். 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி ஏ-9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி கேட்டு வரிசையில் நின்றார்கள். வன்னியில் இருந்தவர்கள் வெளியேற பாஸ் கேட்டார்கள். 2009இல் வட்டுவாகல் பாலத்தைக் கடந்ததும் பிறகு மனிக்பாம் முகாமுக்கு பஸ்ஸில் ஏற்றப்பட்டதும் பயணங்கள்தான். வடக்கின் முஸ்லிம் மக்களுக்கு 1990 ஒக்டோபர் அப்படியான பயணம். புலிகள் கொடுத்த குறுகிய நேரத்துக்குள் அவர்கள் தமது ஊர்களை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை நாங்கள் தீர்மானிக்காத பயணங்கள் அவை. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அதைப் பார்க்கச் சனம் திரண்டது ரயிலின் மீதுள்ள ஆசையால் மட்டுமல்ல. ஒரு பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போகலாம் என்பது இங்கே ஒரு தலைமுறைக்குத் தெரியாத விடயமாக இருந்தது.

வேலை போன முதல் இரண்டு மாதங்கள் நான் வீட்டில்தான் இருந்தேன். செய்தி அறையில் இருந்த ஆறு வருடங்களில் முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்த நூற்றுக்கணக்கான செய்திகளைத் திருத்தி, தலைப்பிட்டு, வெளியிட்டிருந்தேன். அவற்றில் பெரும்பாலான ஊர்களை நான் பார்த்ததே இல்லை. ஒரு கொப்பியில் அந்த ஊர்களின் பெயர்களை எழுதினேன். 40க்கும் மேலே வந்தது. பணிக்கொடைப் பணத்தில் வீட்டுச் செலவுக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் அந்தப் பட்டியலின்படி போகத் தொடங்கினேன்.

இரணைதீவு கற்றுத் தந்தது

பட்டியலில் முதல் இடம் இரணைதீவு. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் போகும் ஏ-32 வீதியில், பூநகரி தாண்டி முழங்காவில் பக்கம் இறங்கி, இரணைமாதாநகருக்குப் போக வேண்டும். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின் இந்தப் பாதை இலகுவாகியிருக்கிறது. அங்கிருந்து கடலுக்குள் இருப்பவைதான் இரணைதீவின் இரு தீவுகளும்.

அந்த மக்கள் 1992இல் போர் காரணமாகத் தீவைவிட்டு வெளியேறினார்கள். போர் முடிந்த பிறகும் கடற்படை அங்கே நிலைகொண்டிருந்ததால் திரும்பித் தங்க முடியவில்லை. கடிதம் எழுதினார்கள், அதிகாரிகளைச் சந்தித்தார்கள், 2017 மே மாதத்திலிருந்து தொடர் போராட்டம் நடத்தினார்கள். கடைசியாக 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடிகளைக் கட்டிய படகுகளில் ஏறித் தாங்களாகவே தீவுக்குப் போய் இறங்கினார்கள். 26 வருடங்களுக்குப் பிறகு அவர்கள் தீர்மானித்த பயணம் அது. பிறகு 2021 மார்ச்சில், கொவிட் தொற்றில் இறந்த முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் இரணைதீவில் அடக்கம் செய்யப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது இந்த மக்களே எதிர்த்து நின்றார்கள். முஸ்லிம் மக்களும் அந்த இடத்தை ஏற்கவில்லை. அடக்கம் கடைசியில் ஓட்டமாவடியில் நடந்தது.

இவை எல்லாவற்றையும் நான் மேசையில் இருந்து எழுதியிருக்கிறேன். ஆனால், இரணைமாதாநகரில் ஒரு வீட்டு வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் என்னை அறிமுகப்படுத்தியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “நீங்கள் எந்தப் பேப்பர், பிள்ளை?” என்பதுதான்.

எந்தப் பேப்பரும் இல்லை அம்மா, நானாகத்தான் எழுதுகிறேன் என்றேன்.

“அப்ப ஆர் போடுவினம்?”

“எழுதிப்போட்டுத்தான் கேக்கவேணும்.”

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: “போராட்டம் நடக்கேக்க எல்லாரும் வந்தவை. எழுதிக்கொண்டு போனவை. என்ன போட்டதெண்டு ஒருத்தரும் கொண்டுவந்து காட்டேல்லை.”

நிறுவனத்தில் வேலை செய்யும் நிருபருக்கு நேரம் இருப்பதில்லை. காலையில் போராட்டம் என்றால் மதியம் செய்தி போக வேண்டும். மறுநாள் வேறு ஊர், வேறு விடயம். படகு தீவில் இறங்கிய நாள் செய்தியாகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், வருத்தம் வந்தால் எப்படிக் கரைக்கு வருகிறார்கள், ஒரு குடும்பம் இரண்டு இடங்களில் அடுப்பு எரித்தால் செலவு என்னவாகிறது என்பது செய்தியாவதில்லை. அந்த அம்மாவின் வீட்டில் தாயும் தகப்பனும் மாறி மாறித் தீவில் தங்குகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கரையில் அம்மம்மாவுடன். “திரும்பிப் போனது உண்மைதான். ஆனா இன்னும் போய்ச் சேரேல்லை” என்றார் அவர்.

நான் அந்தக் கட்டுரையை எழுதினேன். வெளிவந்த பிறகு அச்சிட்டுக்கொண்டு மறுபடியும் போய் அவரிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து இதை ஒரு விதியாக வைத்திருக்கிறேன்: ஒரு ஊருக்குக் குறைந்தது இரண்டு தடவை போக வேண்டும். இரண்டாவது தடவை போகும்போதுதான் மக்கள் உண்மையில் பேசத் தொடங்குகிறார்கள்.

அடையாள அட்டை இல்லாமல் கேள்வி கேட்பது

நிறுவனம் போனால் ஊடக அடையாள அட்டையும் போய்விடுகிறது. அரச தகவல் திணைக்களத்தின் அட்டையைப் பெற பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் கடிதம் தேவைப்படுகிறது. அலுவலகங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் பிரஜை என்ற முறையில் ஒரு வழி இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த ஊடகவியலாளராக இருக்கத் தேவையில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்லத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுத்துமூலம் கோரிக்கை கொடுக்க வேண்டும். கிடைத்ததற்கான அத்தாட்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அவரும் திருப்தியான பதிலைத் தராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். “எங்கள் ஊருக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை?” என்றால் பதில் வராது. “இந்த வீதிக்கு 2021ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, செலவழிக்கப்பட்டது எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார்?” என்றால் தாளில் இருப்பதை அவர்கள் கொடுத்தேயாக வேண்டும்.

வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையில் நான்கு கிலோமீற்றர் நடந்து பிரதான வீதிக்கு வந்தார்கள். ஊருக்குள் பஸ் ஓடுவதில்லை, ஓட அனுமதியும் இல்லை என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். தகவல் கோரிக்கைக்கு வந்த பதிலில், அந்தப் பாதையில் நாளொன்றுக்கு இரண்டு சேவைகளுக்கான அனுமதி ஏற்கனவே கொடுக்கப்பட்டிருப்பதாக இருந்தது. அந்த ஒரு தாளை ஊர் மக்களிடம் கொடுத்தேன். அதை வைத்து மாதர் சங்கத்தினர் முறையிட்டார்கள். இப்போது காலைச் சேவை ஓடுகிறது. மாலைச் சேவை இன்னும் ஓடவில்லை. நான் எழுதிய கட்டுரையை மிகக் குறைவானவர்களே வாசித்தார்கள். ஆனால் ஆறு வருடச் செய்தி அறை வேலையில் இப்படியொரு பயன் என் எழுத்தால் விளைந்ததாக எனக்கு நினைவில்லை.

பாதுகாப்பும் பணமும்

இந்த வேலையின் ஆபத்தை மறைத்து யாரையும் இதற்குள் அழைக்க முடியாது. மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுடப்பட்டே இறந்தார்கள் என்பதைப் படங்களால் காட்டிய சுப்பிரமணியம் சுகிர்தராஜன் 2006 ஜனவரி 24இல் கொல்லப்பட்டார். இந்தக் கொலைகளுக்கு இன்றுவரை நீதி இல்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் எழுதுபவரின் தலைக்கு மேலே இருக்கின்றன. நிறுவனத்தில் இருப்பவருக்கு ஒரு சட்டத்தரணியையாவது நிறுவனம் ஒழுங்கு செய்யலாம். தனியாக எழுதுபவருக்கு அதுவும் இல்லை.

அதனால் சில பழக்கங்கள் தேவை. எங்கே போகிறேன், எந்த பஸ்ஸில் திரும்புவேன் என்பதை எப்போதும் இருவருக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன். கடைசி பஸ்ஸை நம்பி நேரம் ஒதுக்குவதில்லை. அதற்கு முந்திய பஸ்ஸைத்தான் கணக்கில் எடுக்கிறேன். ஒலிப்பதிவோடு பேசியவரின் பெயரைச் சேர்த்து வைப்பதில்லை. பேசுபவரிடம் இது எங்கே வெளிவரும், யார் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்கிறேன். பேசி முடித்த பின் “வேண்டாம் பிள்ளை” என்றால் அழித்துவிடுகிறேன். ஊரைவிட்டு நான் போய்விடுவேன். புலனாய்வாளர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அங்கேயே இருப்பவர்.

பணத்தைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். கட்டுரை எழுதி மட்டும் ஒரு குடும்பம் நடத்த இங்கே முடியாது. கட்டுரைகளால் எனக்கு வருவது, நல்ல மாதத்தில் பழைய சம்பளத்தின் பாதி, மோசமான மாதத்தில் ஒன்றுமில்லை. மிச்சத்தை மொழிபெயர்ப்பும் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலையும் நிரப்புகின்றன. மாதத்தில் 20 நாட்கள் சம்பாதிக்க, 10 நாட்கள் பயணத்துக்கும் எழுத்துக்கும் என்று பிரித்திருக்கிறேன். ஒரு பயணத்தில் ஒரே கட்டுரைக்கான விடயத்தோடு திரும்பினால் செலவு கட்டாது. குறைந்தது மூன்று விடயங்களை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும். கொத்துரொட்டியும் விடுதியும் செலவு கூட்டும். தெரிந்தவர் வீடும் கட்டிக்கொண்டு போகும் சோறும் குறைக்கும். திருமணமாகாத பெண் இப்படித் திரிவதா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. அம்மா வைத்திருக்கிறார்: “அவள் வேலைக்குத்தான் போறாள்.”

எதற்காக?

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த போராட்டம் இன்னும் முடியவில்லை. அந்தப் பந்தல்களில் இருந்த தாய் தந்தையர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் மாதம் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து 50க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் எடுக்கப்பட்டன. அங்கே கிடைத்த ஒரு சட்டைத் துணியை, ஒரு இலக்கத் தகட்டை அடையாளம் சொல்ல வேண்டியவர்கள் வயதானவர்கள். அவர்கள் போனால் அந்த அறிவும் போய்விடும்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதன் பின்னர் வளர்ந்த நாங்கள், எழுதப்பட்டது அழிந்ததைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எழுதப்படாமலே அழிவதைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. நூலகம் நிறுவனம் 2005 முதல் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வைக்கிறது. ஆனால் சேமித்து வைப்பதற்கு முதலில் யாராவது போய்க் கேட்டு எழுத வேண்டும்.

வேலை போனபோது என்னிடமிருந்து போனது சம்பளமும் அட்டையும் மேசையும். கேட்கவும் சரிபார்க்கவும் எழுதவும் கற்றது போகவில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை என் கொப்பியில் இருந்த ஊர்ப் பெயர்கள் காட்டின. 40இல் இதுவரை 23 ஊர்களுக்குப் போயிருக்கிறேன்.

வேலையின்றி வீட்டில் இருக்கும் ஊடகக் கற்கைப் பட்டதாரிகளுக்கு ஒன்று சொல்வேன். தூர ஊர்களுக்குப் போகக் காசு இல்லாவிட்டால் வீட்டிலேயே தொடங்குங்கள். உங்கள் குடும்பம் இடம்பெயர்ந்த பாதையை அம்மம்மாவிடமும் பெரியப்பாவிடமும் கேட்டு எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்தத் திகதி, யார் யாருடன், எதை எடுத்துக்கொண்டு, எதை விட்டுவிட்டு, வழியில் யார் சோறு தந்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். இருவர் சொல்லும் திகதி பொருந்தாவிட்டால் மூன்றாமவரிடம் கேளுங்கள். எழுதி முடித்ததும் அந்தப் பாதையில் பஸ் ஓடும் ஒரு துண்டிலாவது போய்ப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் சரிபார்க்க வேண்டியவை அங்கே இருக்கும். அவற்றைச் சொல்லக்கூடிய ஒருவரும் ஏதாவது ஒரு வாசலில் இன்னும் இருக்கக்கூடும்.